கொட்டகையில் உறங்கும் ஹெரால்டு

மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் பகுதிகளில் தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறி வருகின்றன. வீட்டை இடிக்குமுன் கொட்டகையைக் காலி செய்கையில், தார்ப்பாய்க்கு அடியில் பழைய கார் ஒன்று வெளிப்படுவதுண்டு. மர்ஹூமான குடும்பத் தலைவர் ஆசையோடு ஓட்டிய வண்டி அது. “நீங்களே விற்றுக் கொடுங்கள் தம்பி” என்று அவர்தம் துணைவியார் உறவினர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைப்பார். புதுப்பேட்டை வியாபாரி வந்து இரும்பின் எடைக்கு விலை சொல்வார். அன்று மாலையே வண்டி போய்விடும்.

இந்த அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

அடையாறில் என் சாச்சி வீட்டில் நின்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த வண்டி; இத்தாலியரான மிச்செலோத்தி வடிவமைத்தது. முன்மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாகச் சாய்ந்து திறக்கும். உடற்பகுதிகள் தனிச் சட்டகத்தின்மீது போல்டுகளால் பூட்டப்பட்டவை. எனவே பெயின்டின் பளபளப்பைக் காட்டிலும் அடியில் உள்ள சட்டகமே முக்கியம். கடற்காற்று அதைத்தான் அரிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி மூழ்கியதா என்றும் வீட்டாரிடம் கேட்டறிய வேண்டும்.

அடுத்து, எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றமின்றி இருக்கும் வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். சேகரிப்போர் பொருட்படுத்துவது இதனையே. விற்பதற்காகப் புதுப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு; துருவை மறைத்ததாகவே வாங்குபவர் ஐயுறுவார். விலைக்கு அட்டவணை ஏதும் கிடையாது. ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனங்களே பேசித்தான் முடிவு செய்கின்றன. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற ஆர்வலர் வட்டத்தில் இருவர் மூவரிடமேனும் காட்டி விலை கேட்பது நலம்.

விற்பவர் இங்கே வகீல், உரிமையாளர் அல்லர். மர்ஹூமின் கடன், வஸிய்யத் போக எஞ்சுவது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று; மகளுக்கு ஒரு பங்கெனில் மகனுக்கு இரண்டு. “சாச்சி சொன்னார்கள், விற்றேன்” என்பது போதாது. வெளிநாட்டிலிருக்கும் மகனின் சம்மதமும், மணமாகிச் சென்ற மகளின் சம்மதமும் தேவை. (மகளைக் கேட்க மறந்துவிடுவதே நம்மவர் வழக்கம்.) வகீல் தானே குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வதும் ஆகாது.

குறைகளை ஒரு தாளில் எழுதி வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. துருப்பிடித்த சட்டகத்திற்கும் அதே சட்டந்தான்.

ஆவணங்களில், படிவம் 31 வழியாக முதலில் வாரிசின் பெயருக்கு மாற்றி, பின்னர் 29, 30 படிவங்களில் வாங்குபவர் பெயருக்கு மாற்றுதல் முறை. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் ஆயத்தமாக இருக்கட்டும். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளே செல்லும். பின்பு ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.