பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனால் என்ன கேட்கலாம்?



பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "ஐயா, பொலிஸ் வந்து புள்ளைய கூட்டிக்கிட்டுப் போனா நாம என்னா கேக்கலாம்? கேட்டா அவங்களுக்கு இன்னும் கோவம் வருமே?" கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாட்டுக்குப் பாதுகாப்பு வேணும். 1996 ஜனவரி 31 ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது செத்தவர்கள் அன்றைக்கு வேலைக்கு வந்த சாதாரண மனிதர்கள். 2019 இல் உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 பேருக்கு மேல் மாண்டார்கள். இப்படிக் காரியம் செய்பவனைப் பிடிக்கிற அதிகாரம் பொலிசுக்கு இருக்கத்தான் வேண்டும். அதில் நமக்கும் நன்மை உண்டு. ஆனால் பிடிக்கிறவர்கள் பிழையான ஆளைப் பிடித்துவிட்டால் அதைத் திருத்துவதற்கு ஒரு வழி இருக்க வேண்டுமா இல்லையா? சட்டத்தில் நமக்கு இருக்கிற உரிமை என்பது அந்த வழிதான்.

சாதாரணச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். களவு, அடிதடி, கசிப்பு என்று எந்தக் காரணத்துக்குப் பிடித்தாலும், ஏன் பிடிக்கிறோம் என்று ஆளுக்குச் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. பயண நேரத்தைக் கழித்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் கொண்டுபோக வேண்டும். பொலிசிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் சாட்சியாகப் பாவிக்க முடியாது. இந்தக் கடைசி விதியைப் போட்டதற்குக் காரணம் நம்ம எல்லாருக்கும் தெரிந்ததுதான். பூட்டிய அறைக்குள் நாலு அடி போட்டால் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொண்டவன் உள்ளே போவான், உண்மையில் செய்தவன் வெளியில் நடப்பான்.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த விதிகளைத்தான் தளர்த்தியது. மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்தார்கள், 1982 இல் அதை நிரந்தரமாக்கினார்கள். சட்டத்தின் பெயரில் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற சொல் மட்டும் அப்படியே நின்றது. இந்தச் சட்டத்தின்படி 24 மணித்தியாலம் 72 ஆனது. அமைச்சர் ஒப்பமிட்டால் மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரைக்கும் வழக்கில்லாமல் தடுத்து வைக்கலாம் என்றானது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேலே உள்ள அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியாகச் செல்லும் என்றானது. அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அடி வாங்கினவன் தலையில்தான் விழுந்தது. அறைக்குள் இருந்தது அவனும் பொலிசும் மட்டும். அவன் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவான்?

இதற்கு உதாரணம் சிங்கராசா வழக்கு. 1993 இல் பிடிபட்ட இவருக்கு 1995 இல் 50 வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது, பிறகு மேன்முறையீட்டில் 35 வருஷமாகக் குறைந்தது. அவருக்கு எதிராக இருந்த சாட்சி அந்த ஒப்புதல் ஒன்றுதான். அவர் தமிழில் சொன்னதைப் பொலிஸ்காரர் ஒருவர் மொழிபெயர்க்க, அது சிங்களத்தில் எழுதப்பட்டது. அதற்குக் கீழே அவர் கைநாட்டு வைத்தார். 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம், அந்தக் குழுவின் முடிவைக் கொண்டு தீர்ப்பை மாற்ற முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டது. அவர் குற்றவாளியா இல்லையா என்று நான் சொல்ல வரவில்லை. வாசிக்க முடியாத பாஷையில் எழுதிய கடதாசிக்குக் கீழே கைநாட்டு வைக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. கடன் கடதாசி, காணிக் கடதாசி எதுவென்றாலும் இதே பேச்சுத்தான். நம்ம ஆட்கள் "வைங்க" என்றால் வைத்துவிடுகிறோம்.

மலைநாட்டுக்கு இந்த விஷயம் தூரமானது என்று நினைக்க வேண்டாம். 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கூட்டம் புகுந்து, 25 பேருக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிசார் அங்கேயே நின்றார்கள். முகாமில் இருந்தவர்கள் அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தவர்கள். 2003 இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டாலும், 2005 இல் வழக்கு முடிந்தபோது ஒருவர்கூட தண்டனையில் இருக்கவில்லை. ஒருவரைக் காவலில் எடுத்தால் அவர் உயிருக்கு எடுத்தவரே பொறுப்பு. இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த முகாம் போதும்.

இந்தச் சட்டத்தில் மாட்டியவர்கள் தமிழர் மட்டுமல்ல. தெற்கில் 1980 களின் கடைசியில் கலவரம் நடந்தபோது சிங்களப் பிள்ளைகளும் சிறப்புச் சட்டங்களால் காணாமல் போனார்கள். 2019 க்குப் பிறகு முஸ்லிம் ஆட்கள் பலர் உள்ளே போனார்கள். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரலில் கைதாகி 2022 பெப்ரவரியில்தான் பிணையில் வெளியே வந்தார். இன்றைக்கு ஒரு கூட்டத்துக்கு என்று வைத்த கதவு, நாளைக்கு இன்னொரு கூட்டத்துக்கும் திறக்கும்.

2022 இல் சட்டம் கொஞ்சம் திருத்தப்பட்டது. தடுத்து வைக்கும் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. நீதவான் தடுப்பு இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும், சட்டத்தரணியைச் சந்திக்கலாம் என்றும் வந்தது. 12 மாதத்துக்குள் வழக்கு விசாரணை ஆரம்பிக்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். நல்லதுதான். ஆனால் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் பற்றிய பகுதியை அந்தத் திருத்தம் தொடவில்லை. என் எண்ணத்தில் முதலில் தொட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2008 இல், நம்ம பக்கத்துத் தோட்டத்துப் பொடியன் ஒருவன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்ததால் அடையாள அட்டை கிடைக்கவில்லை. ஒரு ராத்திரிச் சுற்றிவளைப்பில் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தாய் கைக்காசைத் தேடிக்கொண்டு கொழும்புக்குப் போய், மூன்று பொலிஸ் நிலையத்தில் கேட்டார். மூன்றிலும் "இங்கே இல்லை" என்றார்கள். அவன் மூன்றில் ஒன்றில்தான் இருந்தான், அது ஒன்பதாம் நாள் தெரியவந்தது. வழக்கு ஒன்றும் இல்லாமல் விட்டார்கள், ஆனால் வேலை போய்விட்டது, முதுகில் தழும்பும் இருந்தது. இவ்வளவும் நடந்து ஆறு கிழமைக்குப் பிறகுதான் அந்த அம்மா என்னிடம் வந்தார். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். நாள் தாண்டிவிட்டது. எனக்கும் அந்த விதி அப்போது தெரியாது. தெரிந்த ஒரு லோயரைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

ஆகவே முதல் நாளிலேயே செய்ய வேண்டியதைக் கேளுங்கள். பிடிக்க வந்தவரின் பெயரும் பதவியும், எந்த நிலையம், ஏன் பிடிக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கோபப்பட்டு இழுபறிப் பட வேண்டாம், அது வேறு வழக்காகிவிடும். ஆனால் கேட்பது குற்றம் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் அவசரகால விதியிலும் கைது செய்வோருக்கு 2006 ஜூலையில் ஜனாதிபதி கொடுத்த பணிப்புரை ஒன்று உண்டு. அதன்படி கைது செய்ததை ஒப்புக்கொள்ளும் ஒரு பத்திரத்தை, அதிகாரியின் பெயர், நேரம், வைத்திருக்கும் இடம் எல்லாம் எழுதிப் பெற்றோருக்கோ கணவன் மனைவிக்கோ கொடுக்க வேண்டும். வாக்குமூலத்தை ஆள் விரும்பும் பாஷையில் எழுத வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்தத் தாயின் கையில் அந்தத் துண்டுக் கடதாசி இருந்திருந்தால், "இங்கே இல்லை" என்று ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

அடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழு. இது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டானது. அவசரத் தொலைபேசி இலக்கமும் 1996 தான், ஞாபகம் வைப்பது லேசு. கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் இந்த ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது பிடித்தவரின் கடமை. ஒரு மாதத்துக்குள் இங்கே முறைப்பாடு கொடுத்துவிட்டால், அவர்கள் விசாரிக்கிற காலம் நீதிமன்றத்துக்குரிய அந்த ஒரு மாதத்தில் சேராது. காசு செலவழித்து உடனே கொழும்புக்கு ஓட முடியாத நமக்கு இந்த வசதி பெரிய வசதி.

அடித்திருந்தால் நீதவான் முன்னால் கொண்டுபோகும்போது வாய் திறந்து சொல்லுங்கள், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேளுங்கள். காயம் ஆறுவதற்கு முன் எழுதிய வைத்திய அறிக்கை பத்துச் சாட்சிக்குச் சமம். 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை செய்தவருக்கு ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறை. வசதி இல்லாதவர்களுக்கு லோயர் உதவி கிடைக்க சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அடையாள அட்டை விஷயத்தில் தாமதம் வேண்டாம். பெயர் பிழை, திகதி பிழை உள்ள பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதற்குரிய படிவம் நமது அலுவலகத்தில் இருக்கிறது. கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் கடை முதலாளியின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். ஆணைக்குழுவுக்குக் கடிதம் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் புதன்கிழமை பிரட்டு முடிந்ததும் வாருங்கள், நான் எழுதி, வாசித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் ஒப்பம் கேட்பேன்.