தலைக்கு மேல் இரைச்சல் – 14: வெயிலும் ஒரு சுமைதான்

தஞ்சாவூர் விமானப்படைத் தளம் 2013 மே மாதம் திறக்கப்பட்ட கதையையும், 2020 ஜனவரியில் 222-வது ஸ்குவாட்ரனின் சுகோய் போர் விமானங்கள் பிரம்மோஸ் ஏவுகணை சகிதம் வந்து இறங்கிய கதையையும் சொல்லியாயிற்று. விட்டவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளவும்.

இந்த வாரம் இலங்கையின் பலாலி பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் திருவையாற்று வாசகர் ஒருவர் கேட்டார்: “தினம் நம் கூரையை அதிரவைக்கிறதே, ஓர் அவசரத்துக்கு இந்த சுகோய் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகாதா?”

போகாது. அதில் இரண்டே இருக்கை, இரண்டும் அதை இயக்குபவர்களுக்கு. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் பெரும்பாலும் சூலூர் விமானப்படைத் தளத்தைத்தான் நம்ப வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டபோது, கர்ப்பிணி ஒருவரையும் குழந்தையையும் விமானப்படை ஹெலிகாப்டர்தான் தூக்கிச் சென்றது. 2021 டிசம்பர் 8 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் உயிர் தப்பிய குரூப் கேப்டன் வருண் சிங்கை, மறுநாள் வெலிங்டனிலிருந்து ஆம்புலன்ஸில் மலையிறக்கி சூலூருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ராணுவ விமானத்தில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் போராடி, 15-ஆம் தேதி இறந்துபோனார்.

இதையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி அகப்பட்டார். பலாலி தள்ளிப்போனதற்கு அவர்தான் பொறுப்பு.

1944 ஏப்ரல், பர்மா. காயமடைந்த மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களை ஏற்றிவந்த சிறிய அமெரிக்க விமானம் ஜப்பானியர் வசமிருந்த காட்டில் விழுந்தது. விமானியையும் சேர்த்து நான்கு உயிர். சாதாரண விமானம் இறங்க அங்கே இடமில்லை. ஹார்மனிடம் இருந்தது சிகோர்ஸ்கி ஒய்.ஆர்-4பி, போர்க்களத்துக்குப் புதிதாக வந்திருந்த ஹெலிகாப்டர். அதன் எஞ்சினின் சக்தி, நம் வயலில் சேறடிக்கும் டிராக்டர்கள் நான்கைச் சேர்த்தால் வருவது, அவ்வளவுதான். பர்மா வெயிலில் அதுவும் குறைந்துபோய், விமானியோடு ஒரே ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. ஏப்ரல் 25 அன்று ஒவ்வொருவராக இரண்டு பேரை ஆற்று மணல் திட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்; அங்கே இன்னொரு சிறு விமானம் காத்திருந்தது. அதற்குமேல் எஞ்சின் சூடேறி மக்கர் செய்யவே, ராத்திரியை அந்தத் திட்டிலேயே கழித்துவிட்டு மறுநாள் மற்ற இருவரையும் மீட்டார். போரில் ஹெலிகாப்டர் ஆள் மீட்டது அதுவே முதல் முறை. அதே ஹார்மன் பிற்பாடு நியூயார்க் டைம்ஸில் இசை விமர்சனம் எழுதினார் என்று படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். போரில் பெயரெடுத்தவர் கச்சேரி விமர்சகராக வந்து உட்கார்ந்தால் எந்தப் பாடகர் வாய் திறப்பார்?

போகட்டும், வெயிலுக்கு வருகிறேன். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குப் பிடிமானம் தராது. 15 டிகிரியில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால், 40 டிகிரியில் தகிக்கும் கத்திரி வெயில் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. எஞ்சினும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதனால் நோயாளியை ஏற்றும்போது மருந்து, ஆக்சிஜன் சிலிண்டர், கூட வரும் நர்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் எடை பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். வெலிங்டன் போன்ற மலையூரில் உயரமும் சேர்ந்துகொள்ளும். கடல் மட்டத்தை ஒட்டிய நம் டெல்டாவுக்கு அந்தத் தொல்லையாவது இல்லை.

வெப்பத்தையும் உயரத்தையும் சமாளிக்கவென்றே பெரிய எஞ்சின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்துக் கட்டிய விமானம் ஏ.என்-32. 1984 முதல் நம் விமானப்படையில் இருக்கிறது. சாமான் இறக்கிய கையோடு உள்ளே 24 ஸ்ட்ரெச்சர் மாட்டலாம். இவ்வளவு பிரயோஜனமான பிராணியைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் சுகோய்தான் வேண்டும்.

பக்கத்தை மூட வேண்டும் என்று ஆசிரியர் இரண்டாவது முறையாக போன் செய்துவிட்டார். 1987 முதல் 1990 வரை பலாலியிலிருந்து காயம்பட்ட இந்திய அமைதிப்படைச் சிப்பாய்கள் கொண்டுவரப்பட்ட கதை அடுத்த வாரம் நிச்சயம். அந்த விமானங்களில் வந்தவர்களோ, அவர்களுக்குச் சிகிச்சை தந்தவர்களோ டெல்டா ஊர்களில் இருந்தால், செவ்வாய்க்கிழமைக்குள் எழுதுங்கள்.