வெயில் அடிச்சாத்தான் 'ஷோன்'!

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற ரோட்டில், எல்லையோரம் இருக்கிற ஊர் பூவம். ஐப்பசியில் ஒருநாள் அங்கே அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வானம் பூரா மேகம். கடல் பக்கமிருந்து ஜிலுஜிலுன்னு காத்து. வெயில் மருந்துக்குக்கூட இல்லை. சூடா பஜ்ஜி கேட்கிற பொழுது!

அக்கா மகன் திண்ணையில் செல்போனும் கையுமாக ஜெர்மன் கிளாஸில் இருந்தான். டிப்ளமோ முடித்தவன். ஜெர்மனியில் உதவித்தொகையோடு தொழிற்பயிற்சிக்குப் போகணும். அதற்குப் பொதுவாக 'பி1' நிலை வரை பாஷை தேறணும்.

"வீ இஸ்ட் டாஸ் வெட்டர் ஹொய்ட்டெ?" என்றார் டீச்சர்.

பயப்படாதீர்கள், யாரையும் வெட்டச் சொல்லவில்லை. 'வெட்டர்' என்றால் வானிலை. இன்னிக்கு எப்படி இருக்கு என்கிறார்.

பையன் வானத்தைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ச்சி. "ஷோன்!" என்றான். அருமையாம்.

"வெயில் அடிக்குதா?"

"இல்லை, ஒரே மேகம்."

"அப்புறம் எப்படி ஷோன்?"

கிளாஸ் முடிந்ததும், "நல்லாத்தானே மாமா இருக்கு?" என்றான் பாவமாக.

தப்பு அவன்மேல் இல்லை, அகராதிமேலும் இல்லை. டிசம்பரில் பெர்லினில் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அங்கே சூரியன் தலையைக் காட்டினாலே கொண்டாட்டம். 'ஷோனெஸ் வெட்டர்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெயில்தான். மேகமே இல்லாத நீலவானத்துக்கு 'கைஸர்வெட்டர்' என்று ராஜமரியாதை வேறு, 'சக்கரவர்த்தி வானிலை'! நமக்கோ சூரியன் வில்லன், மேகம்தான் ஹீரோ.

அப்போ பூவத்து மேகத்தை எப்படிப் புகழ்வது? "எஸ் இஸ்ட் அன்கெனேம் க்யூல்." இதமா, குளுகுளுன்னு இருக்கு. 'அன்கெனேம்' என்றால் இதம். உடம்புக்குப் பிடித்ததைச் சொல்ல இதுதான் வார்த்தை. யாரும் மறுக்க முடியாது.

இன்னொரு வேடிக்கை. ஜெர்மனில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால்! ஆனால் ஓர் இடத்தில் தமிழ் கைகொடுக்கும். 'மீர் இஸ்ட் ஹைஸ்' - 'எனக்குப் புழுக்கமா இருக்கு'. 'மீர்' அப்படியே நம்ம 'எனக்கு'. இங்கிலீஷை நம்பி 'நான்' என்று ஆரம்பித்து, 'இஷ் பின் ஹைஸ்' என்று சொல்லித் தொலைக்காதீர்கள். அதற்கு அர்த்தமே வேறு. கேட்கிற பெண் ஓர் அடி தள்ளி நிற்பாள்!

"இதெல்லாம் நமக்கு வருமா மாமா?" என்றான்.

வடக்கே கைகாட்டினேன். பக்கத்துத் தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் ஒரு ஜெர்மன்காரர் கப்பலில் வந்து இறங்கினார். பெயர் சீகன்பால்கு. வயது ஏறக்குறைய 24. உன்னைப்போல இளவட்டம்தான். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் என்பார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டையே அச்சடித்தார். 1716-ல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வெளிவந்தது. செல்போன் இல்லை, கிளாஸ் இல்லை. நம்ம 'ழ'வோடு மல்லுக்கட்டியவரை விடவா உனக்குக் கஷ்டம்?

பையன் சிரித்தான். அக்கா பஜ்ஜித் தட்டோடு வந்தாள்.

"ஏன்டா, அங்கே ரொம்பக் குளிருமாமே. வெயிலே அடிக்காதா?"

"அடிக்கும்மா. அடிச்சா, 'ஷோன்'னு சொல்லணும்."

"சொல்றது இருக்கட்டும். அடிச்ச அன்னிக்கு ஒரு போன் பண்ணு."