பத்தாம் ஆள் யார்?

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில், கொல்லிமலையின் பெரக்கரை நாட்டைச் சேர்ந்த ஒரு சிற்றூருக்குத் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தோம். காலையிலிருந்தே அடைமழை. மூடுபனி இறங்கி, மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் பத்தடி தூரத்திலேயே மறைந்துவிட்டன. ஓட்டுக்கூரை வேய்ந்த சிற்றாலயத்தில் உபதேசியார் மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, உள்ளே இருந்தவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார்.

“சாமி, எட்டுப் பேருதான் வந்திருக்காங்க. மழையும் விடுற மாதிரி தெரியல. அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாங்களா?”

திருப்பலி தள்ளிவைக்கப்படவில்லை. வந்திருப்போர் சிலரே என்பதற்காகக் கல்வாரிப் பலியைத் தள்ளிவைக்கும் வழக்கம் நம் திருச்சபையில் இல்லை. ஆயினும் “எட்டுப் பேருதான்” என்ற அந்தச் சொல் அன்றிரவு நம் மனத்தை விட்டு அகல மறுத்தது. ஆள் எண்ணிக்கையையே வழிபாட்டின் சட்டமாகக் கொண்டு, பல நூற்றாண்டுகள் நம் அண்டை நாட்டிலே வாழ்ந்த ஒரு மக்கள் நினைவுக்கு வந்தனர். அவர்கள் கொச்சி நகரத்து யூதர்கள். அவர்களுடைய கதையில் நம் பங்குக் குடும்பங்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

கொச்சியின் யூதப் பள்ளி

நம் மலைக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை சங்க காலத்திலேயே சேரர் வசமாயிற்று என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அச்சேர மரபில் வந்த பாஸ்கர ரவிவர்மன் என்னும் மன்னன், கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் ஒரு செப்பேடு வழங்கினான். பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலான 72 உரிமைகள் அதில் அளிக்கப்பட்டன. வேறு பல நாடுகளில் யூதர் விரட்டப்பட்ட காலத்தில், சேர நாட்டு மன்னர்கள் அவர்களுக்கு நிழல் தந்தார்கள். நம் சென்னையிலும் பதினேழாம் நூற்றாண்டில் யூத வணிகர்கள் வாழ்ந்தனர். அவர்களுடைய பவழ வாணிபத்தின் நினைவாகவே பவழக்காரத் தெரு இன்றும் நிற்கிறது.

கேரளத்தில் யூதருக்கு எட்டுச் செபக்கூடங்கள் இருந்தன. மட்டாஞ்சேரியில் கொச்சி அரசரின் அரண்மனையை ஒட்டி, அவர் அளித்த நிலத்தில், 1568ஆம் ஆண்டு எழுந்த பரதேசிச் செபக்கூடம் அவற்றுள் புகழ் பெற்றது. சீன நாட்டிலிருந்து வந்த, கையால் வரைந்த நீலநிறத் தரையோடுகள் அங்கு உள்ளன. நம் ஊர்க் கோவில்களைப் போலவே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். 1662இல் இச்செபக்கூடத்தைச் சேதப்படுத்தியவர்கள் போர்த்துக்கீசியர்; அதாவது கத்தோலிக்கர். அதை நாம் மறைக்கலாகாது. டச்சுக்காரர் வந்த பிறகே அது புதுப்பிக்கப்பட்டது. 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதரைக் குறித்து வெளியிட்ட அறிக்கையில், அவர்கள் மீதான பகைமை அனைத்தையும் திருச்சபை கண்டித்தது. 1986இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உரோமை நகரின் செபக்கூடத்திற்கே சென்று அவர்களை நம் மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். மூத்தோர் வீட்டில் இளையோர் கற்றுக்கொள்வதில் குறைவு ஏதும் இல்லையன்றோ!

ஒரு வாரம் எப்படிக் கழியும்?

யூதக் குடும்பத்தின் வாரம் வெள்ளிக்கிழமை மாலையை நோக்கியே நகர்கிறது. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டலாகாது என்பதால், வெள்ளி பிற்பகலுக்குள் மறுநாள் உணவும் சமைத்து முடிக்கப்படும். கொச்சி யூதர் வீடுகளில் பெண்கள் தேங்காயெண்ணெய் விளக்கேற்ற, ஆண்கள் செபக்கூடத்திற்குச் சென்று திரும்புவர். பிறகு குடும்பத் தலைவர் கிண்ணத்தை உயர்த்தி இறைவனைப் போற்றுவார். திராட்சை விளையாத ஊராகையால், உலர்ந்த திராட்சையைக் கொண்டு வீட்டிலேயே இரசம் தயாரித்துக்கொண்டனர்.

சனிக்கிழமை காலையில் மோயீசனின் நூல்கள் சுருளேட்டிலிருந்து வாசிக்கப்படும். ஐந்து நூல்களும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுக்கொரு முறை முழுவதும் வாசித்து முடிக்கப்படுகின்றன. ஓய்வுநாள் காலை வாசகத்திற்குச் சபையினரில் எழுவர் ஒருவர் பின் ஒருவராக அழைக்கப்படுவர். திங்களும் வியாழனும்கூட வாசகம் உண்டு. அன்று மூவர் அழைக்கப்படுவர். பிள்ளைகள் எபிரேய மொழியைச் சிறுவயதிலேயே கற்பது இதற்காகத்தான். கேரளச் செபக்கூடங்களில் மாடியிலும், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்பாக, ஒரு வாசக மேடை உண்டு. வேறு நாடுகளில் காணாத அமைப்பு இது. அத்தோடு அப்பெண்கள் மலையாளத்தில் வேதாகமக் கதைப் பாடல்களை ஏட்டில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகளுக்கென வழிவழியாகப் பாடிவந்தனர். திருமண வீடுகளில் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினர்.

நம் ஆண்டவரும் இப்படிப்பட்ட வாரங்களில் வளர்ந்தவரே. நாசரேத்தூர்ச் செபக்கூடத்திற்கு ஓய்வுநாளில் தம் வழக்கப்படி அவர் சென்றார் என்றும், எழுந்து நின்று இசையாஸ் ஆகமத்தை வாசித்தார் என்றும் லூக்காஸ் எழுதுகிறார். “தம் வழக்கப்படி” என்ற சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வாரந்தவறாமற் சென்றார். வெறுமனே கேட்டுவிட்டு வராமல், வாசிப்பவராகவும் எழுந்து நின்றார்.

குரு இல்லாத சபை

கொச்சி யூதரைப் பற்றி நம்மைப் பெரிதும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. அவர்களுக்கெனப் பட்டம் பெற்ற ரபிமார்கள் இருந்ததில்லை. அப்படியிருந்தும் பல நூற்றாண்டுகள் வழிபாடு தவறவில்லை. கற்றறிந்த குடும்பத் தலைவர்களும் மூப்பர்களும் வழிபாட்டை நடத்தினர். கணக்குப் பார்ப்பவர், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுபவர், ஓய்வுநாள் வாசகத்திற்கு ஆளை அழைப்பவர் என ஒவ்வொரு வேலைக்கும் சபையிலேயே ஆள் இருந்தது. கடை வைத்திருந்தவரும் எழுத்தராய் இருந்தவரும் வெள்ளி மாலை வந்தால் சபையின் ஊழியர்களே.

எந்த நாட்டு யூதச் சபையிலும் இவ்வழக்கம் உண்டு. நோயாளியைச் சந்திப்பது, வழிப்போக்கரை ஓய்வுநாள் விருந்துக்கு அழைத்துச் செல்வது, இறந்தோரை அடக்கம் செய்வது ஆகியவை கடமைகளாகப் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரியான எளிய வெண்ணிற ஆடை உடுத்தி அடக்கத்திற்கு ஆயத்தம் செய்யத் தனிக் குழுவே இருக்கும். இறந்தவர் திருப்பிச் செய்ய இயலாத உதவியாகையால், அறங்களுள் இதை மிகத் தூய்மையானதாக அவர்கள் கருதுகின்றனர். ஏழைக்குக் கொடுப்பதை அவர்கள் ‘செதாக்கா’ என்பர். அதன் வேர்ப்பொருள் நீதி. கொடுப்பவர் இரக்கப்பட்டு ஈவதாக அங்கே பேச்சில்லை. ஏழைக்குரியதை அவனிடம் சேர்ப்பிக்கிறார், அவ்வளவே.

இவை அனைத்திற்கும் அடித்தளமாக ஒரு விதி. பொது வழிபாடு நடக்கப் பத்து ஆண்மக்களாவது கூட வேண்டும். பதின்மூன்று வயது நிரம்பியவர் கணக்கில் சேருவர். இப்பத்துப் பேர் கூட்டத்திற்கு ‘மின்யான்’ என்று பெயர். ஒன்பது மகா ஞானிகள் கூடினாலும் அது மின்யான் ஆகாது. கல்வியில்லாத செருப்புத் தைப்பவர் பத்தாம் ஆளாக வந்துவிட்டால் ஆகிவிடும். இக்காலத்து யூதச் சபைகள் சிலவற்றில் பெண்களும் எண்ணப்படுகின்றனர். ‘நான் ஒருவன் போகாவிட்டால் என்ன?’ என்று அங்கே எவரும் கேட்க இயலாது. அவர் போகாவிட்டால் மற்ற ஒன்பது பேரின் வழிபாடும் குறைபடும்.

படியில் அமர்ந்தவர்

ஆயினும், இந்த நற்பழக்கங்களோடு ஒரு பெருங்குறையும் அச்சபையில் வேரூன்றியிருந்தது. பரதேசிச் செபக்கூடத்தில் வெள்ளையர் எனத் தம்மைக் கருதிக்கொண்டோர் மட்டுமே முழு உரிமையோடு அமர்ந்தனர். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்கள் வெளியறைத் தரையிலோ படியிலோ அமர வேண்டும். வாசகத்திற்கு அவர்கள் அழைக்கப்படுவதில்லை. பெண் கொடுத்து, பெண் எடுப்பதும் இல்லை. ஓய்வுநாள் தவறாமல் வந்தாலும் அவர்கள் ‘ஆள்’ அல்லர்.

அவர்களிலிருந்து எழுந்தவர் ஆபிரகாம் பாராக் சேலம் (1882–1967). வழக்கறிஞர், கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், காந்தியடிகளின் வழியைப் பின்பற்றியவர். தம் மக்களுக்கு உள்ளே இடம் வேண்டுமெனச் செபக்கூடத்திலேயே அறப்போர் நடத்தினார். மக்கள் அவரை ‘யூத காந்தி’ என்றனர். தடைகள் ஒரே நாளில் விழவில்லை. மெல்ல மெல்லத் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அதை ஏற்காதோர் அப்போதும் பலர் இருந்தனர்.

இதைப் படித்து, “பார்த்தீர்களா யூதரை!” என்று நாம் விரல் நீட்டலாகாது. நம் தமிழகத்து வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கோவிலில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு நடைக்கூடங்கள் சாதிக்கொன்றாக அமைந்திருந்ததும், நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டதும் நம் வரலாறே. சுவர் இடிந்த இடங்களிலும் கல்லறைத் தோட்டங்களில் வரப்புகள் நின்றன.

பத்து நிறையாத நாள்

1948இல் இஸ்ரயேல் நாடு அமைந்தது. அப்போது கேரளத்தில் இருந்த யூதர் ஏறத்தாழ 2,500 பேர். எவரும் அவர்களை விரட்டவில்லை. முன்னோரின் நாடு அழைத்தது. 1950களின் நடுவில் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டனர். செபக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் செபக்கூடத்து மரவேலைப்பாடுகள் இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1968இல் பரதேசிச் செபக்கூடத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல் தலையும் வெளியாயிற்று. ஆனால் விழா முடிந்த பின் வந்த ஆண்டுகளில் பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. படியில் உட்கார வைக்கப்பட்டோரின் பிள்ளைகளும் கடல் கடந்துவிட்டனர். எர்ணாகுளத்திலிருந்து வந்த கறுப்பு யூதர்களும், சுற்றிப்பார்க்க வந்த வெளிநாட்டு யூதர்களும் சேர்ந்தால்தான் பத்து நிறைந்தது. ஒரு காலத்தில் எவரை எண்ண மறுத்தார்களோ, அவர்களை வாசலில் நின்று எதிர்பார்க்கும் நிலை வந்தது.

2019இல் சாரா கோகன் அம்மையார் 96 வயதில் காலமானார். யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த அவரை, முதுமையில் உற்ற பிள்ளைபோல் கவனித்துக்கொண்டது ஓர் இஸ்லாமியக் குடும்பம். 2024 ஆகஸ்டில் குவீனி ஹல்லேகுவா அம்மையாரும் மறைந்தார். இன்று அவ்விடத்தில் கூட்டத்திற்குக் குறைவில்லை. சீட்டு வாங்கி உள்ளே வந்து தரையோடுகளை வியந்து பார்ப்போர் நிறைய. செபிக்கத்தான் பத்துப் பேர் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

அன்பார்ந்த குடும்பத்தாரே! கோவில் கட்டடம் எழுப்பவும், கொடிமரம் நாட்டவும், தேர் செய்யவும் நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். நல்லதே. ஆனால் கட்டடம் தானாகச் செபிக்காது. ஆகையால் மூன்றை மட்டும் வேண்டுகிறோம்.

முதலாவது, ஞாயிறு தோறும் குடும்பமாக வாருங்கள். உங்கள் இடத்தை வேறொருவர் நிரப்ப முடியாது.

இரண்டாவது, வீட்டுக்கு ஒருவராவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். வாசகம் படித்தல், ஆலயம் கூட்டுதல், நோயாளியைச் சந்தித்தல், ஏழையின் அடக்கத்திற்குத் தோள் கொடுத்தல் இவற்றுள் எதுவாயினும் சரி. எல்லாம் சாமியார் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது, குரு இல்லாமலே பல நூற்றாண்டுகள் செபித்த அம்மக்களுக்கு முன் நமக்கு வெட்கம்.

மூன்றாவது, எவரையும் எண்ணாமல் விடாதீர்கள். இதைச் சொல்ல நமக்குக் காரணம் உண்டு.

அந்த மழை நாளில் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் ஒரு மூதாட்டியும் அவர் பேரனும் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கண்டோம். அடிவாரத்திலிருந்து கூலி வேலைக்கு மலையேறி வந்த குடும்பம். முழங்கால்கள் சாரலில் நனைந்திருந்தன. திருப்பலி முழுவதையும் அங்கிருந்தே கேட்டிருக்கிறார்கள்.

“பாட்டி, உள்ளே வந்திருக்கலாமே?”

“இருக்கட்டும் சாமி. நாங்க எப்பவும் இங்கதான்.”

உபதேசியாரைப் பார்த்தோம். அவர் தலை குனிந்தார். நாமும் குனிந்தோம், ஏனெனில் பல மாதங்களாக அவ்வழியே வந்து போன நாமும் அவர்களைக் கண்டு கேட்டதில்லை. எட்டுப் பேர் என்று அவர் சொன்னபோது உண்மையில் அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். பழைய யூதச் சட்டப்படி ஒரு பெண்ணும் சிறுவனும் கணக்கில் சேரார். ஆனால் திருமுழுக்குத் தண்ணீர் பட்ட நெற்றி எதுவாயினும் நம் கணக்கில் ஓர் ஆள்தான்.

அடுத்த ஞாயிறு உபதேசியார் தாழ்வாரத்துக்குப் போய் அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்து, பெஞ்சில் தம் மனைவிக்குப் பக்கத்தில் அமர்த்தினார். முன்வரிசையில் இருந்த இருவர் முகம் சுளித்தனர். அதையும் எழுதத்தான் வேண்டும். இப்போது அப்பையன் மறைக்கல்வி வகுப்புக்கு வருகிறான். வாசகம் படிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். பீடத்தில் அவனுக்கு ஓர் இடம் காத்திருக்கிறது.