சர்க்கரைக்கு அஞ்சிப் பட்டினியா?

பழனி மலைச்சரிவுகளில் விளையும் விருப்பாச்சி வாழைப்பழமும் சர்க்கரையும் தேனும் சேர்ந்ததே பஞ்சாமிர்தம். புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு கொடைக்கானலுக்கு வீடு திரும்பிய நீரிழிவு நோயாளிக்கு அது ஏற்றதன்று என்பதை யாவரும் அறிவர். ஆனால் அந்த அச்சத்தில் அவருடைய அன்றாட உணவையே குறைத்துவிடலாமா?

கூடாது. அறுவைக்குப்பின் உடலில் கார்டிசால், அட்ரினலின் முதலிய ஹார்மோன்கள் பெருகி, இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. உணவு போதாவிட்டால் உடல் தன் தசைப் புரதத்தையே சிதைக்கிறது. அதிலிருந்து கல்லீரல் குளுக்கோசை உண்டாக்குகிறது. ஆகவே பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறக்கூடும்! தசையும் கரையும், புண் ஆறுவதும் தாமதமாகும்.

எவ்வளவு உணவு தேவை? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரி ஆற்றல், 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்குப் புரதம் மட்டும் 72 முதல் 90 கிராம் வேண்டும். ஒரு முட்டையிலோ ஏறத்தாழ 6 கிராம்தான் உண்டு. மலையில் விளையும் காரட்டிலும் பீன்சிலும் புரதம் சொற்பமே. எனவே முட்டை, பால், தயிர், பருப்பு, மீன் ஆகியவற்றைப் பல சிறு வேளைகளாகப் பிரித்துத் தரவேண்டும். வாயால் உண்ண இயலாதவருக்குக் குழாய் வழியே உணவு செலுத்துவர். சிறுநீரகக் கோளாறு இருப்பின் புரத அளவை மருத்துவரே வகுப்பார்.

ஏறும் சர்க்கரையை அடக்க, 1921இல் டொராண்டோவில் கண்டறியப்பட்ட இன்சுலின் இருக்கிறது. உண்ணும் அளவுக்கேற்ப அதன் அளவை மருத்துவர் மாற்றுவார். அதைப் போட்டுக்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். குறைக்க வேண்டியது இனிப்பை, உணவையன்று.