கணிப்பொறி மனிதன் நடக்கிறான்

தொலைவில் வருபவரின் முகம் தெரியுமுன்பே, நடையைக் கொண்டு 'இவர் இன்னார்' என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? 1973ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் யோஹான்சன், இருளில் நடப்பவரின் மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளை மட்டும் அமைத்துக் காட்டினார். உடலே தெரியாவிடினும், அது மனித நடையென்று பார்த்தவர்கள் உடனே கண்டுகொண்டனர்.

'மோஷன் காப்சர்' எனப்படும் அசைவுப் பதிவிலும் இத்தகைய புள்ளிகளே பயன்படுகின்றன. நடிகரின் இறுக்கமான ஆடையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளைப் பொருத்துகிறார்கள். சுற்றிலும் காமிராக்கள் நிற்கும். ஓர் உருண்டையைக் குறைந்தது இரண்டு காமிராக்கள் கண்டால் அதன் இருப்பிடத்தைக் கணக்கிடலாம். அதிலிருந்து மூட்டுகளின் கோணங்களை அறிந்து, கணிப்பொறியில் வரைந்த எலும்புக்கூட்டுக்கு அளிக்கிறார்கள். 2014இல் வெளிவந்த 'கோச்சடையான்' திரைப்படம் இம்முறையில் உருவானதே.

பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. நெட்டைக் காலின் கோணங்களைக் குட்டைக் காலுக்கு அப்படியே கொடுத்தால், ஊன்றிய பாதம் பாசி படிந்த படித்துறையில் சறுக்குவது போல வழுக்கும். ஆகவே, பாதம் நிலத்தில் ஊன்றியிருக்கும் நேரத்தைக் கண்டறிந்து, அதனை அங்கேயே நிலைநிறுத்தி, அதற்கேற்ப முழங்கால், இடுப்பு ஆகியவற்றின் கோணங்களைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

அந்த நேரம் எவ்வளவு? நீங்களே சோதித்துப் பாருங்கள். நண்பர் ஒருவர் நடப்பதைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, படங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒரு குதிகால் ஊன்றி மீண்டும் ஊன்றும்வரை உள்ள காலத்தில், ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு அப்பாதம் தரையில் இருக்கும். 40 பங்கு காற்றில் வீசும்.

இது திரைப்பட வேடிக்கை மட்டுமன்று. தொழிற்சாலையைக் கட்டுமுன்பே கணிப்பொறி மனிதரை அதில் நடக்கவிட்டு, பாதைகளையும் வேலைக்கான நேரத்தையும் வகுக்கும் முறை இன்று உலகில் உண்டு. நம் வல்லம் வடகாலையே எண்ணிப் பாருங்கள். அங்கே 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. ஓர் உயர்ந்த ஆணின் நடையை மட்டும் பதிந்து, அதன்படியே ஓர் ஆலையை வகுத்தால், அவர் பத்து அடியில் கடக்கும் தொலைவைக் குறுகிய காலடியுடைய பெண் அதே நேரத்தில் கடக்கப் பன்னிரண்டு அடி வைக்க நேரலாம். அந்த மிகை அடிகள் நாள் முழுதும் சேரும்போது அவளுடைய கால்களே வலியைச் சுமக்கும். ஆதலால், இத்துறைக்கு வரும் மாணவர்கள் எவ்வாறு பதிவது என்பதோடு, யாருடைய நடையைப் பதிவது என்பதையும் கேட்க வேண்டுமென்று நான் கருதுகிறேன்.