ரிமோட் டெஸ்க்டாப் உரிமச் சர்வரைக் கண்டறிதலும் கோளாறு நீக்கமும்

ரிமோட் டெஸ்க்டாப் உரிமச் சர்வர் என்பது, ஒரு விண்டோஸ் சர்வரில் பலர் ஒரே நேரத்தில் தொலைவிலிருந்து வேலை செய்யத் தேவையான உரிமங்களைச் சேமித்து வைத்து, கேட்கும்போது வழங்கும் கணினி ஆகும். பயனர்கள் வந்து இணையும் சர்வர், இந்த உரிமச் சர்வர் எங்கே உள்ளது என அறிந்து அதனுடன் தொடர்புகொள்வது 'உரிமச் சர்வரைக் கண்டறிதல்' எனப்படுகிறது. இத்தொடர்பு ஏற்படாவிட்டாலும் முதல் 120 நாட்கள் எல்லாம் சரியாக இயங்குவது போலவே தோன்றும். அதன் பிறகு ஒரு நாள் காலையில் யாராலும் உள்ளே நுழைய முடியாமல் போகும். பெரும்பாலும் அப்போதுதான் பிழை தேடப்படுகிறது. ஆனால் பிழை நிறுவிய முதல் நாளிலிருந்தே அங்கு இருந்திருக்கும்.

அமைப்பு

இந்த ஏற்பாட்டில் மூன்று பங்காளிகள் உள்ளனர்.

முதலாவது, பயனர் அமர்ந்திருக்கும் கணினி. இது பழையதாகவோ திறன் குறைந்ததாகவோ இருக்கலாம். திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை மட்டுமே இங்கு முக்கியம்.

இரண்டாவது, அமர்வு சர்வர். மென்பொருள்கள் உண்மையில் ஓடுவது இதில்தான். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தனி அமர்வை இது திறந்து கொடுக்கிறது.

மூன்றாவது, உரிமச் சர்வர். அமர்வு சர்வர் கேட்கும்போது கிளையன்ட் உரிமத்தை இது வழங்குகிறது. சிறிய அலுவலகங்களில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே கணினியாகவும் இருக்கலாம்.

கிளையன்ட் உரிமம் இரு வகைப்படும். ஒரு கணினிக்கு ஓர் உரிமம் என்பது சாதன உரிமம். ஓர் ஆளுக்கு ஓர் உரிமம் என்பது பயனர் உரிமம். ஒரே கணினியில் காலை, மாலை என வெவ்வேறு மாணவர்கள் அமரும் பயிற்சிக் கூடத்துக்குச் சாதன உரிமம் பொருந்தும். ஒருவரே வீட்டிலும் அலுவலகத்திலும் வெவ்வேறு கணினிகளிலிருந்து இணைந்தால் பயனர் உரிமம் பொருந்தும்.

சலுகைக் காலம்

புதிய அமர்வு சர்வருக்கு மைக்ரோசாஃப்ட் 120 நாள் சலுகைக் காலம் தருகிறது. முதல் பயனர் வந்து இணைந்த நாளிலிருந்து இது தொடங்கும். உரிமச் சர்வர் ஒரு நிரந்தர உரிமத்தை வழங்கியதும் சலுகை முடிந்து முறையான இயக்கம் தொடங்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் 120 நாட்கள் முடிந்ததும் பயனர்களின் இணைப்பு மறுக்கப்படும்.

ஏற்பாடுகளை முடிக்க அவகாசம் தருவதே இச்சலுகையின் நோக்கம். நடைமுறையில் அது பிழையை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. ஜூன் 15 அன்று முதல் இணைப்பு நடந்திருந்தால் அக்டோபர் 13-உடன் 120 நாட்கள் முடியும். நிறுவிக் கொடுத்தவர் அதற்குள் பணம் பெற்றுக்கொண்டு போயிருப்பார். என்ன அமைத்தார் என்பது எவருக்கும் நினைவிருக்காது.

கண்டறியும் முறை மாறிய விதம்

பழைய பதிப்புகளில் அமர்வு சர்வர் தானாகவே உரிமச் சர்வரைத் தேடியது. விண்டோஸ் சர்வர் 2008-இல் அந்தத் தேடல் ஒரு வரிசைப்படி நடந்தது. முதலில் நிர்வாகி குறிப்பிட்ட பெயர், அடுத்து அதே கணினி, பிறகு ஆக்டிவ் டைரக்டரியில் பதிவான உரிமச் சர்வர், கடைசியாக அதே டொமைனின் கட்டுப்பாட்டுச் சர்வர்கள் என அது தேடிச் சென்றது. டொமைன் இல்லாத வொர்க்குரூப் அமைப்பில், பிணையம் முழுவதற்கும் பொதுவாக ஓர் அழைப்பு விடுத்து, பதில் வருகிறதா எனப் பார்த்தது.

இவ்வழைப்பு ஒரே உட்பிணையத்துக்குள் மட்டுமே கேட்கும், ரூட்டரைத் தாண்டாது. திருமயத்தில் நின்று கூப்பிட்டால் புதுக்கோட்டையில் கேட்காதது போன்றதே இது.

2009-இல் வெளியான விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பில் இது மாறியது. 'டெர்மினல் சர்வீசஸ்' என்ற பழைய பெயர் 'ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்' என ஆனதும் அதே பதிப்பில்தான். அது முதல் அமர்வு சர்வர் தானாகத் தேடுவதில்லை. உரிமச் சர்வரின் பெயரை நிர்வாகி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பெயரை மட்டுமே அது அறியும். பழைய பதிப்பில் பழகியவர்கள் 'அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்' என விட்டுவிடுவது இன்றும் இக்கோளாறுக்கு ஒரு முக்கியக் காரணம்.

அறிகுறிகள்

உரிமம் வழங்க உரிமச் சர்வர் எதுவும் கிடைக்காததால் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற செய்தி பயனரின் திரையில் தோன்றும். அமர்வு சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில் 1128 என்ற எண் இருந்தால் சலுகைக் காலம் முடிந்தும் உரிமச் சர்வருடன் தொடர்பு ஏற்படவில்லை என்று பொருள். 1130 என்ற எண், உரிமச் சர்வரின் பெயரே கொடுக்கப்படவில்லை என்பதைக் குறிக்கும். 1069 என்ற எண், சாதன உரிமமா பயனர் உரிமமா என்ற முறை தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதைக் குறிக்கும்.

இங்கே ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. நிர்வாகப் பணிக்கான இரண்டு அமர்வுகளுக்குக் கிளையன்ட் உரிமம் தேவையில்லை. ஆகவே நிர்வாகி தம் கணினியிலிருந்து நிர்வாக முறையில் நுழைந்து பார்த்து, 'எனக்கு வேலை செய்கிறதே' என்று சொல்லக்கூடும். அது சான்றாகாது. சாதாரணப் பயனரின் பெயரில் நுழைந்துதான் சோதிக்க வேண்டும்.

கோளாறைத் தேடும் வரிசை

அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதை நோக்கிச் செல்வது நல்லது.

1. ஒருவருக்கா, அனைவருக்குமா? ஒரே ஒரு கணினி மட்டும் மறுக்கப்பட்டால், பெரும்பாலும் அக்கணினியில் சேமிக்கப்பட்டுள்ள பழைய உரிமப் பதிவே பழுதாகியிருக்கும். அனைவரும் மறுக்கப்பட்டால் மட்டுமே கீழ்க்கண்ட படிகள் தேவைப்படும்.

2. கண்டறிவான் கருவி. அமர்வு சர்வரில் சர்வர் மேனேஜரின் டூல்ஸ் பட்டியலில், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்பதன் கீழ் 'லைசென்சிங் டயக்னோசர்' உள்ளது. எந்த உரிமச் சர்வர் குறிப்பிடப்பட்டுள்ளது, எந்த முறை, எத்தனை உரிமங்கள் கிடைக்கின்றன என்பவற்றை இது காட்டும். உரிமச் சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் தரப்படாததால் விவரம் தெரியவில்லை என இது சொல்லலாம். அது தனியே ஒரு கோளாறு அன்று. உரிய கணக்கைக் கொடுத்து மீண்டும் பார்க்க வேண்டும்.

3. பெயரும் முறையும். குரூப் பாலிசியில், கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் பகுதியில், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் என்பதன் கீழ் லைசென்சிங் பிரிவு உள்ளது. அங்கே இரண்டு அமைப்புகளை நிரப்ப வேண்டும். ஒன்று உரிமச் சர்வரின் பெயர் அல்லது ஐ.பி. முகவரி. மற்றொன்று உரிம முறை. ஒன்றை மட்டும் நிரப்பி மற்றதை விட்டுவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

4. பெயர் முகவரியாக மாறுகிறதா? அமர்வு சர்வரிலிருந்து அப்பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். டி.என்.எஸ்.-இல் பழைய முகவரி இருந்தால், கேள்வி தவறான வாசலுக்குப் போகும். உரிமச் சர்வருக்கு மாறாத ஐ.பி. முகவரி தருவதே முறை.

5. வழி திறந்திருக்கிறதா? பிங் கட்டளைக்குப் பதில் வருவது மட்டும் போதாது. உரிமக் கோரிக்கை ஆர்.பி.சி. என்ற வழியில் செல்கிறது. 135-ஆம் போர்ட்டும், அதன்பின் ஒதுக்கப்படும் 49152 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளும் இதற்குத் தேவை. 445-ஆம் போர்ட்டும் பயன்படுகிறது. பயனர்கள் இணையும் 3389 திறந்திருப்பதால் இவையும் திறந்திருக்கும் என எண்ணிவிடக் கூடாது.

6. உரிமச் சர்வர் தயாரா? அதில் உரிமச் சேவை ஓட வேண்டும். சர்வர் செயலாக்கம் பெற்றிருக்க வேண்டும். செயலாக்கத்தை இணையம் வழியாகத் தானாகவோ, இணைய உலாவி மூலமாகவோ, தொலைபேசி மூலமாகவோ செய்யலாம். செயலாக்கம் ஒரு படி, வாங்கிய உரிமங்களை அதில் நிறுவுவது அடுத்த படி. முதல் படியோடு நின்றுவிட்டால் உரிமச் சர்வர் இருக்கும், கொடுக்க உரிமம் இருக்காது.

7. வகையும் பதிப்பும் பொருந்துகின்றனவா? சாதன உரிமங்களை வாங்கிவிட்டு பயனர் முறையைத் தேர்ந்தெடுத்தால் பொருந்தாது. 2016 பதிப்பின் உரிமச் சர்வரால் 2019 பதிப்பின் அமர்வு சர்வருக்கு உரிமம் தர இயலாது. புதிய உரிமச் சர்வர் பழைய அமர்வு சர்வருக்குத் தரலாம். வொர்க்குரூப் அமைப்பில் பயனர் உரிமம் செல்லாது. 2019 பதிப்பில் அப்படி அமைத்தால் 60 நிமிடங்களில் அமர்வு துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கை வரும்.

8. அனுமதி உள்ளதா? டொமைனில் பயனர் உரிமங்களின் கணக்கு பதிவாக, உரிமச் சர்வர் 'டெர்மினல் சர்வர் லைசென்ஸ் சர்வர்ஸ்' என்ற குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும். லைசென்சிங் மேனேஜரில் 'ரிவ்யூ கான்ஃபிகரேஷன்' என்பதைத் திறந்தால் இது தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு

திருமயத்தில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் 20 பழைய கணினிகளும் ஓர் அமர்வு சர்வரும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். உரிமச் சர்வர் புதுக்கோட்டையில் உள்ள தலைமை மையத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே டொமைனில் உள்ளன. 20 சாதன உரிமங்கள் முறையாக வாங்கப்பட்டு அங்கே நிறுவப்பட்டுள்ளன. ஜூன் 15 அன்று வகுப்பு தொடங்குகிறது. அக்டோபர் நடுவில் ஒரு காலையில் மாணவர் எவராலும் நுழைய முடியவில்லை. செய்முறைத் தேர்வு அடுத்த வாரம்.

உரிமம் தீர்ந்துவிட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்றே பலரும் முதலில் நினைப்பர். ஆனால் புதுக்கோட்டை உரிமச் சர்வரைத் திறந்து பார்த்தால் 20 உரிமங்களும் அப்படியே உள்ளன. வழங்கியது பூஜ்யம். அதாவது நான்கு மாதமாக ஒருமுறைகூடக் கேள்வி அங்கே வந்து சேரவில்லை. தீர்ந்தது சலுகைக் காலம்.

அமர்வு சர்வரின் பதிவேட்டில் 1130 இருக்கிறது. பெயர் எழுதப்படவே இல்லை. பெயரையும் சாதன முறையையும் நிரப்பிய பிறகும் மறுப்பு தொடர்கிறது. பிங் பதில் வருகிறது, 135-ஆம் போர்ட் பதில் தரவில்லை. உரிமச் சர்வரில் உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஃபயர்வால் அதை அடைத்திருக்கிறது. திருமயம் அமர்வு சர்வருக்கு மட்டும் வழியைத் திறந்ததும் மாணவர்கள் நுழைகிறார்கள். செலவு எதுவும் இல்லை. புதிதாக 20 உரிமங்கள் வாங்கியிருந்தால் பணமும் போயிருக்கும், கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

ஒரு கோளாறைச் சரிசெய்தும் பயன் தெரியாதபோது, செய்தது தவறு என எண்ணி அதை மாற்றிவிடக் கூடாது என்பதும் இதிலிருந்து கிடைக்கும் பாடம். பின்னால் இன்னொரு கோளாறு இருக்கலாம்.

சரியானதை உறுதிசெய்தல்

சாதன முறையில் ஒரு கணினி முதன்முறை இணையும்போது 90 நாள் தற்காலிக உரிமம் கிடைக்கும். பயனர் முறையாக நுழைந்த பின், அடுத்த முறை இணையும்போதே நிரந்தர உரிமம் வழங்கப்படும். எனவே ஒரே கணினியிலிருந்து இருமுறை நுழைந்து பார்த்து, லைசென்சிங் மேனேஜரில் வழங்கப்பட்ட எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து 1 ஆக உயர்ந்துள்ளதா எனக் காண வேண்டும். பயனர் முறையில் இதற்கெனத் தனி அறிக்கை எடுக்கலாம்.

தவிர்க்க வேண்டியவை

பதிவேட்டில் உள்ள சலுகைக் காலக் குறிப்பை அழித்தால் மீண்டும் 120 நாட்கள் கிடைக்கும் என்ற குறுக்குவழி பலராலும் சொல்லப்படுகிறது. அது உரிம ஒப்பந்தத்துக்குப் புறம்பானது. மேலும் உண்மையான கோளாறு தீராமல் இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போகும். அவ்வாறே, ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிட்டுச் செல்வதும் ஆபத்து. சோதனைக்காக அணைத்தால், காரணம் தெரிந்ததும் தேவையான வழியை மட்டும் திறந்து, மீண்டும் இயக்கிவிட வேண்டும்.

சுருக்கம்

இன்றைய விண்டோஸ் சர்வர், உரிமச் சர்வரைத் தேடிச் செல்வதில்லை. சொன்ன இடத்தில் மட்டுமே கேட்கிறது. எனவே பெயர், முறை, வழி, உரிமம் என்ற நான்கையும் நிறுவிய முதல் நாளிலேயே சரிபார்த்து, வழங்கிய உரிமங்களின் எண்ணிக்கை கூடுகிறதா எனப் பார்த்துவிட வேண்டும். அன்று செலவாகும் அரைமணி நேரம், நான்கு மாதம் கழித்து ஒரு வகுப்பு முழுவதும் வெளியே காத்திருப்பதைத் தவிர்க்கும்.